காலி குடோனில் எட்டாவது பாட்டு

ஒலிப்பதிவுத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளும் தங்கைகளும் எனக்குப் போன் செய்தால் முதலில் உடம்பை விசாரிப்பார்கள். அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். அந்தக் கிடார் ஆல்பத்தில் எட்டாவது பாட்டுக்கு என்ன மைக் வைத்தேன், அந்த எதிரொலி எப்படி வந்தது என்பார்கள். மற்ற ஏழு பாட்டுகளைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஏழும் ஒழுங்காக எடுத்தவை. எட்டாவது நான் கெடுத்தது. கெடுத்ததைத்தான் எல்லோரும் மெச்சுகிறீர்கள். மெச்சும்போதெல்லாம் சிக்னல் சரியில்லை என்று சொல்லிப் பாதியில் போனை வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் தேவாரத்தில் சிக்னல் நன்றாகவே கிடைக்கும்.

உங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதித் தர ஒப்புக்கொண்டதே இதை ஒரே தடவையில் சொல்லித் தொலைத்துவிடலாம் என்றுதான். மைக்கின் பெயரை எதிர்பார்ப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

சென்னையில் நாற்பது வருடம் ஒலிப்பதிவு அறைக்குள் கிடந்துவிட்டு, சொந்த ஊரான தேவாரத்துக்கு வந்து சேர்ந்தவன் நான். யானை இறங்கி வாழையை மிதித்துவிட்டுப் போனால் காலையில் போய்ப் பார்த்து வருவதைத் தவிர வேறு சோலி இல்லை. அப்படி இருந்தபோதுதான் ஒரு நாள் தோளில் கிடார் பெட்டியோடு ஒரு பெண்மணி வாசலில் வந்து நின்றார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பெயர் செல்வராணி. போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர். மூணாறுப் பக்கம் பள்ளி விடுதியில் யாரோ விட்டுப்போன கிடாரில் கையை வைத்து, பிறகு கொச்சியில் ஹோட்டல் பேண்டு, அதற்கப்புறம் சுற்றுலாக் கப்பல்கள் என்று இருபத்தைந்து வருடம் ஜாஸ் வாசித்தவர்.

ஜாஸ் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பாட்டின் மெட்டை ஒரு தடவை வாசித்துக் காட்டிவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நிமிஷத்தில் மனதில் என்ன எழுகிறதோ அதை வாசிப்பார்கள். இன்றைக்கு வாசித்தது நாளைக்கு வராது. வாசித்தவருக்கே வராது. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

செல்வராணி எடுக்க நினைத்த ஆல்பத்தில் எட்டும் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பாட்டுகள். விடிகாலையில் தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கொண்டைஊசி வளைவுகளில் ஏறும் ஜீப்புகளில் அலறுமே, அந்தப் பாட்டுகள். கேட்டதும் எனக்கு முகம் சுளித்தது. மறைக்கத் தெரியாத ஆள் நான். நாலு வரியைத் திருப்பித் திருப்பிப் பாடும் இந்தச் சமாச்சாரத்தில் ஜாஸ் வாசிக்க என்னம்மா இருக்கிறது என்று கேட்டேவிட்டேன். பாட்டு சின்னதாக இருந்தால்தான் உள்ளே இடம் நிறைய இருக்கும் என்று சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். பிறகு அவருடைய அக்காவைப் பற்றிச் சொன்னார். அக்கா பவுனு இன்னும் மேலே ஏலக்காய் எடுக்கும் வேலைக்குத்தான் போகிறார். தங்கச்சியைப் படிக்க அனுப்பியது அவர் கூலிதான்.

"நான் என்ன வாசிக்கிறேன்னு எங்கக்காவுக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கலண்ணே. கப்பல்ல வாசிச்சதப் போன்ல போட்டுக் காமிச்சேன். கா மணி நேரம் பொறுமையாக் கேட்டுட்டு, 'இது எப்ப ஆத்தா பாட்டா மாறும்'னு கேக்குறா."

அதனால்தான் அக்காவுக்குத் தெரிந்த பாட்டுகள். எட்டாவதாக வைத்திருந்தது அக்கா ஏலச்செடிக்குக் கீழே குனிந்தபடி வேலை செய்யும்போது முணுமுணுக்கும் ஒரு காதல் பாட்டு. பாடியவன் இருபது வயதுப் பையனாம். அக்காவுக்கு அறுபது.

எல்லாம் சரி, ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டேன். இடது கையை நீட்டிக் காட்டினார். முழங்கையில் நரம்பு நசுங்கிப்போய், மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துக்கொண்டே வந்தன. அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கள்கிழமை மதுரையில் ஆபரேசன். இதற்கு மேல் தள்ளிப்போட்டால் விரல்கள் சூம்பிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆபரேசன் செய்தால் மேற்கொண்டு மோசமாகாது, போன உணர்ச்சி திரும்பும் என்று மட்டும் வாக்குத் தர முடியாது. கிடாரில் நாலைந்து தந்திகளை ஒரே நேரத்தில் அமுக்கிப் பிடிக்கும் கார்டுகளுக்கு அந்த இரண்டு விரல்களும் வேண்டும்.

"ஒரு நாளைக்கு ஒன்ற மணி நேரம் இந்தக் கை எனக்குச் சொந்தம்ணே. அதுக்கு மேல அது யார் கையோ."

ஆறு நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம், எட்டுப் பாட்டு. இருந்தது அவ்வளவுதான். நான் ஒத்துக்கொண்டேன். இரக்கத்தால் மட்டும் என்று சொன்னால் பொய். என் காது இன்னும் கெட்டுப்போகவில்லை என்று எனக்கே நிரூபித்துக்கொள்ள ஆசையாக இருந்தது.

இடத்துக்கு அலைந்தோம். கல்யாண மண்டபத்தில் எதிரொலி, வீடுகளில் வண்டிச் சத்தம். கடைசியில் போடியில் செல்வராணியோடு சின்ன வயதில் படித்த ஒரு ஏலக்காய் வியாபாரி தன் குடோனைத் திறந்துவிட்டார். உள்ளே கால் வைத்தேன். மூன்று பக்கச் சுவரையும் மறைத்து ஆளுயரத்துக்கு ஏலக்காய் மூட்டைகள். ஒரு தடவை கை தட்டினேன். சத்தம் பிறந்த இடத்திலேயே அடங்கியது. லட்சக்கணக்கில் கொட்டிக் கட்டும் அறைகளில்கூட அவ்வளவு இதமான அமைதி கிடைக்காது. வாசனை வேறு. செல்வராணி மூட்டைகளுக்கு நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒரே ஒரு கார்டு வாசித்தார். நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெறும் காதால் கேட்டேன். இந்த அறைக்காகவே இத்தனை வருடம் காத்திருந்தது போல எனக்கு இருந்தது.

அந்த மூட்டைகள் யாருடையவை, எத்தனை நாள் அங்கே இருக்கும் என்று கேட்க வேண்டும் என எனக்குத் தோன்றவே இல்லை. போடிக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான். ஏலக்காய் குடோனில் அடைவதே ஏலத்துக்குப் போகத்தான் என்று இந்த வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் கண்ணுக்கு அவை மூட்டையாகவே தெரியவில்லை, அறையின் சுவராகத் தெரிந்தன.

திங்கள்கிழமை தொடங்கி நான்கு நாளில் ஏழு பாட்டு முடிந்தது. வேலை வெரசாகவும் சுத்தமாகவும் போனது. அவர் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு உட்காருவார், ஒன்றரை மணி நேரத்தில் எழுந்துவிடுவார். ஒரே ஒரு உரசல்தான். செவ்வாய்க்கிழமை, பக்கத்துக் கட்டடத்தில் பெண்கள் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சல்லடை ஆட்டும் சத்தம் சரக் சரக்கென்று சுவர் வழியாக வந்து மைக்கில் ஏறியது. நான் கோபத்தோடு எழுந்தேன். போய் நாலு வார்த்தை சொல்லி நிறுத்திவிட்டு வருகிறேன் என்றேன். செல்வராணி தலையை ஆட்டி உட்காரச் சொன்னார். சல்லடை எந்த நடையில் ஆடியதோ அந்த நடைக்கே பாட்டைக் கொண்டுபோனார். மூன்றாவது பாட்டில் அடியில் தாளம் போல ஓடுவது அதுதான். எனக்கு அன்றைக்கு அது பிடிக்கவில்லை. பதிவில் அழுக்கு படிந்துவிட்டதே என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டிருந்தேன். நான் எதைக் கேட்கிறேன், எதைக் கேட்காமல் விடுகிறேன் என்பது அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எட்டாவது பாட்டைச் சனிக்கிழமைக்கு வைத்திருந்தோம். அன்றைக்குத்தான் பவுனுவுக்கு மத்தியானத்தோடு வேலை முடியும். கீழே இறங்கி வந்து, தங்கச்சி வாசிப்பதை உட்கார்ந்து கேட்பதாக ஏற்பாடு. வாசிக்கும் இடத்தில் அக்கா உட்கார்ந்து கேட்பது அதுதான் முதல் தடவை.

வியாழக்கிழமை சாயங்காலம் குடோன்காரர் வந்து தலையைச் சொறிந்தார். நாளைக் காலையில் லாரி வருகிறது, சரக்கு ஏலத்துக்குப் போகிறது என்றார். நான் சத்தம் போட்டேன். முன்னாலேயே ஏன் சொல்லவில்லை, இரண்டு நாள் பொறுத்தால் குடியா முழுகிவிடும் என்றெல்லாம் கத்தினேன். பாவம், இடத்தைச் சும்மா கொடுத்த மனிதர். நான் கத்தி முடிக்கும் வரை பொறுத்திருந்தார்.

"அண்ணே, அதுல என் காயி பாதிதான். மிச்சம் மலையில ஏழெட்டுத் தோட்டக்காரவுங்க நம்பிக் குடுத்தது. இன்ன தேதிக்கு ஏலத்துல வைக்கிறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். பாட்டுக்கு முட்டுக் குடுத்துக்கிட்டிருக்குன்னு நான் போய் அவுங்ககிட்டச் சொல்ல முடியுமா?"

வெள்ளிக்கிழமை முழுக்க லோடு ஏற்றினார்கள். அன்றைக்கு வேலை நடக்கவில்லை. சனிக்கிழமை காலையில் கதவைத் திறந்தேன். வெறும் சிமெண்டுத் தரை, வெறும் சுவர், ஒரு மூலையில் எடை போடும் மேடை. கை தட்டினால் சத்தம் கூரை வரை போய் நாலு தடவை திரும்பி வந்தது. ஏழு பாட்டு ஒரு அறையிலும் எட்டாவது பாட்டு வேறொரு அறையிலும் வாசித்த மாதிரி ஆகிவிடுமே என்ற நினைப்பே எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த நேரத்தில் என் முன்னால் இருந்த வழிகளை எண்ணிப் பாருங்கள். எதிரொலி இருந்துவிட்டுப் போகட்டும் என்று பாட்டை எடுத்திருக்கலாம். கூடவே வந்திருந்த செல்வராணியிடமே, என்ன செய்யலாம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. ஜமக்காளம், போர்வை, காலிச் சாக்கு என்று கிடைத்ததையெல்லாம் வாரிக்கொண்டு வந்து கயிறு கட்டித் தொங்கவிட்டேன். மத்தியானம் நெருங்கிவிட்டது. போன அறையைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று எனக்கு ஒரு வெறி.

போர்வை தொங்கவிட்டால் போதாது, வாசித்துப் பார்த்தால்தானே தெரியும். சும்மா ஏதாவது வாசியுங்கள் என்றேன். எதை வாசிக்க என்று கேட்டார். எட்டாவதையே வாசியுங்கள், அதற்குத்தானே இத்தனை பாடு என்றேன். அவர் வாசித்தார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கை ஒரு சாண் நகர்த்துவேன், போர்வையை இழுத்துவிடுவேன், இன்னொரு தடவை என்பேன். இப்படியே ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. கையின் கணக்கை நான் சுத்தமாக மறந்துபோனேன். அவரும் நினைவுபடுத்தவில்லை. பெரிய ஆள் செய்கிறார், காரணம் இருக்கும் என்று நினைத்திருப்பார்.

பிறகு ஒரு தடவை, இன்னொரு தடவை வாசிங்க என்று நான் சொன்னதும், அவர் கண்ணை மூடிக்கொண்டார். அது எனக்குக் கடைக்கண்ணில் தெரிந்தது. முதலிலிருந்து தொடங்கினார். நான் அறையின் கோடியில் நின்றுகொண்டு, ஒவ்வொரு சுரத்துக்குப் பின்னாலும் எதிரொலி எவ்வளவு தூரம் இழுக்கிறது என்பதையே கவனித்துக்கொண்டிருந்தேன். இழுவை குறைந்திருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். ஐந்து நிமிடமோ ஆறு நிமிடமோ, வாசித்துக்கொண்டே இருந்தார். சத்தம் நின்றது. எதிரொலி எங்கே முடிகிறது என்று அதையும் கடைசிச் சொட்டு வரை கேட்டேன். நன்றாக அடங்கியது. ஹெட்போனைக் கழற்றிக்கொண்டே திரும்பினேன்.

"அறை படிஞ்சிருச்சும்மா. இப்ப எடுத்துரலாமா?"

அவர் முகம் நனைந்திருந்தது. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"எடுக்கலையாண்ணே?"

ஒத்திகை என்று நினைத்தேன் என்றேன். பொத்தானை நான் அமுக்கியிருக்கவே இல்லை.

இந்த இடத்தில் உங்களுக்குச் சிரிப்பு வரும். இந்தக் காலத்தில் யாராவது பதிவைப் போடாமல் வாசிக்க விடுவார்களா என்பீர்கள். கலைஞர் பெட்டியைத் திறக்கும்போதே நீங்கள் பொத்தானை அமுக்கிவிடுகிறீர்கள். கம்ப்யூட்டரில் எவ்வளவு பதிந்தாலும் செலவில்லை. எனக்கும் அது தெரியும். ஆனால் என் கை டேப் காலத்துக் கை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வயலின்காரர் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது டேப்பை ஓடவிட்டேன் என்பதற்காக எங்கள் பெரியவர் என் புறங்கையில் பட்டென்று அடித்தார். அவர் பெயர் வேண்டாம், அந்த அறைக்கே அவர்தான் தலைமை. ஒத்திகைக்கு டேப் ஓடக் கூடாது, சிவப்பு விளக்கு எரிந்த பிறகுதான் ஓட வேண்டும். அந்த அடி என் கையில் அப்படியே தங்கிவிட்டது. அறையைச் சரிபார்க்கும் வேளையில் பொத்தானை அமுக்கும் எண்ணமே என் விரலுக்கு வராது.

பெரியவர் மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்ள முடியாது. அவர் அதோடு இன்னொன்றும் சொல்லியிருந்தார். என் புறங்கை சிவந்திருப்பதைப் பார்த்து, கொஞ்சம் மனமிரங்கிச் சொன்னார்.

"டேப் ஓடாதபோதுதான்டா நீ ஒழுங்கா கேட்கணும். மிஷின் கேட்காது இல்லையா, அப்புறம் யார் கேட்கிறது?"

அடியை மட்டும் நாற்பது வருடம் காப்பாற்றி வைத்திருந்தேன். அதற்கப்புறம் சொன்னதை எங்கே தொலைத்தேன் என்று தெரியவில்லை.

செல்வராணி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு உபகாரமாக இருந்திருக்கும். பிளாஸ்கிலிருந்து வெந்நீரைக் கிண்ணத்தில் ஊற்றிக் கையை முக்கி வைத்திருந்தார். பிறகு துடைத்துக்கொண்டு கிடாரை எடுத்தார். நான் பொத்தானை அமுக்கினேன், சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் கார்டு வரவில்லை. மோதிர விரல் தந்தியைத் தொட்டது, அமுக்கவில்லை. சுண்டு விரல் அந்தரத்திலேயே நின்றது. மூன்று தடவை முயன்று பார்த்தார். நாலாவது தடவை கிடாரை மடியில் படுக்க வைத்துவிட்டு, அந்த இரண்டு விரல்களையும் வலது கையால் பிடித்துக்கொண்டார். நான் சிவப்பு விளக்கை அணைத்தேன்.

பவுனு வந்தது அப்போதுதான். மேலே நல்ல மழையாம். ஜீப்பின் பின்பக்கம் உட்கார்ந்து வந்ததில் சேலையெல்லாம் நனைந்து நடுங்கிக்கொண்டு உள்ளே வந்தார். எங்களுக்கு நடந்தது அவருக்குத் தெரியாது. தாமதமாகிவிட்டதோ, முடிந்துவிட்டதோ என்று வெள்ளந்தியாகக் கேட்டார். நான் கயிற்றில் தொங்கிய போர்வை ஒன்றை உருவி அவருக்குக் கொடுத்தேன். ஒன்றை எடுத்ததும் மற்றதெல்லாம் எதற்கு என்று தோன்றியது. எல்லாவற்றையும் கழற்றிச் சுருட்டி மூலையில் போட்டேன். அறை பழையபடி காலியாகி நின்றது.

பவுனு போர்வையைப் போர்த்திக்கொண்டு எடை மேடையில் உட்கார்ந்தார். செல்வராணி அக்காவைப் பார்த்தார். கையைப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

"ரெண்டு வெரல் இருக்குல்ல, அதுல ஒத்தத் தந்தியா வாசிக்கிறேன். பட்டன அமுக்குங்கண்ணே."

அமுக்கினேன். கார்டு கிடையாது, அலங்காரம் கிடையாது. ஒரு நேரத்தில் ஒரே சுரம். காலி அறை ஒவ்வொன்றையும் வாங்கிக் கூரை வரை கொண்டுபோய், அடுத்த சுரம் வரும் வரைக்கும் வைத்திருந்தது. காலையெல்லாம் நான் எதை எதிர்த்துச் சண்டை போட்டேனோ அந்த எதிரொலிதான் அவருக்குக் கை கொடுத்தது. மெட்டு இரண்டாவது சுற்று வந்தபோது, பவுனு தன்னை அறியாமல் கூடவே முனக ஆரம்பித்தார். கூர்ந்து கேட்டால் உங்களுக்கும் கேட்கும். அது என்ன எபெக்ட் என்று எழுதிக் கேட்ட தம்பிக்குப் பதில் இதுதான். அறுபது வயது அம்மா ஒருவர் நனைந்த சேலையோடு முனகியது.

முடிந்ததும் பவுனு தங்கச்சியிடம் சொன்னார்.

"ஏ ஆத்தா, இது நம்ம ஜீப்புப் பாட்டுல்ல? இப்படி வாசிச்சாத்தான எனக்கு வெளங்கும்!"

செல்வராணி சிரித்தார். அழவும் செய்தார். நான் திரும்பிக்கொண்டு வயரைச் சுருட்டினேன்.

ஆல்பம் வெளிவந்தது. எட்டாவது பாட்டைக் கேட்டுவிட்டு, அத்தனையும் வாசிக்கத் தெரிந்தவர் எவ்வளவு அடக்கமாக எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று விமர்சனம் எழுதினார்கள். அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவரிடமிருந்த ஒன்றரை மணி நேரத்தை நான் போர்வைக்கும் கயிற்றுக்கும் செலவழித்தேன்.

ஆபரேசன் முடிந்து நாலு மாதம் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். அதற்கு முன்னால் போகத் தைரியம் வரவில்லை. போடிமெட்டு வரை பஸ்சு, அதற்கு மேல் ஜீப்பு. அக்கா வீட்டில்தான் இருந்தார். பவுனு எனக்குப் பால் இல்லாமல் கட்டன்சாயா போட்டுக் கொடுத்துவிட்டு, இப்போதெல்லாம் காலையில் ஜீப்பில் எட்டாவது பாட்டைத்தான் போடச் சொல்வதாகவும், இது எங்க செல்வி வாசித்தது என்று ஏறும் ஆளிடமெல்லாம் சொல்வதாகவும் பெருமையடித்துக்கொண்டார். பிறகு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்.

செல்வராணியின் முழங்கையில் தையல் தழும்பு ஆறியிருந்தது. டம்ளர் பிடிக்க முடிகிறது, சட்டைப் பொத்தான் போட முடிகிறது. கார்டு பிடிக்க முடியவில்லை. அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை. வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு அக்கா வர்றதுக்கு முன்னாடி கண்ண மூடிக்கிட்டு வாசிச்சேன்ல, அது எப்படி இருந்துச்சு? நல்லா வந்த மாதிரி ஒரு ஞாபகம். ஆனா என்ன வாசிச்சேன்னு எனக்கு ஒண்ணும் நெனப்பில்ல. அத முழுசாக் கேட்ட ஆளு நீங்க ஒருத்தர்தான்."

நாற்பது வருடம் கலைஞர்களிடம் 'பிரமாதமாக வந்தது' என்று சொல்லியே பழகிய வாய் இது. அந்த இரண்டு வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் அவர் அதை வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டியிருப்பார். ஆனால் எந்த இடத்தில் நன்றாக இருந்தது என்று அடுத்த கேள்வி கேட்டால்? எனக்கு ஒரு சுரம்கூட ஞாபகத்தில் இல்லை. எதிரொலி எங்கே அடங்கியது என்பது மட்டும் இன்றைக்கும் அச்சுப் பிசகாமல் தெரியும்.

நான் பாட்டைக் கேட்கவில்லை, அறையைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று உள்ளதைச் சொன்னேன்.

செல்வராணி தலையை ஆட்டினார்.

"தெரியும்ணே. கடைசியில கண்ணத் தொறந்து பாத்தேன். நீங்க செவுத்தப் பாத்துக்கிட்டு நின்னீங்க. இருந்தாலும், கொஞ்சமாச்சும் காதுல விழுந்திருக்குமோன்னுதான் கேட்டேன்."

நீங்கள் யாரும் என்னைப் போலப் பொத்தானை அமுக்க மறக்க மாட்டீர்கள். அது தெரியும். மிஷின் கேட்டுக்கொள்ளும் என்று திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், அதுவும் தெரியும். என்ன மைக் என்று கேட்டால் பெயரைச் சொல்லிவிடலாம், கடையில் கிடைப்பதுதான். ஆனால் உங்கள் முன்னால் ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கும்போது அவர் கண்ணைத் திறந்தால், நீங்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.